மாவு அறையில் வைத்த பை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை, அதனால் முக்கால்வாசி சௌக்கியம் என்று வைத்துக்கொள், மிச்சக் கால்வாசியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ எப்படி இருக்கிறாய், போன மாதம் பிடித்த இருமல் விட்டதா, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாயாமே. உன் அம்மாவிடம் கேட்டால் "நல்லாத்தான் இருக்கா, நீங்களே கேட்டுக்கிறதுதானே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நீ என்னோடு பேசி இன்றோடு நாற்பத்தியொரு நாள் ஆகிறது. நான் போன் செய்தால் மணி அடித்து அடித்து ஓய்கிறது, அம்மா செய்தால் இரண்டாவது மணியில் எடுக்கிறாய். குறை சொல்ல எழுதவில்லை, உன் இடத்தில் நான் இருந்திருந்தால் இதற்குள் நம்பரையே மாற்றியிருப்பேன். எழுதி முடித்ததும் அம்மா இந்தப் பக்கங்களைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள், காகிதம் பின்னால் தபாலில் வரும். தபாலை நம்பி உட்கார்ந்தால் திங்கட்கிழமை தாண்டிவிடும். திங்கட்கிழமை வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். அதற்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும்.

ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உன் தங்கை கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மெஷினோடு படுத்திருக்கிறாள், நான்கு மணி நேரம், பெற்றவர்களை உள்ளே விடமாட்டார்கள். இங்கே இரும்பு நாற்காலிகளை ஐந்தைந்தாகச் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள், ஒருவர் அசைந்தால் ஐந்து பேரும் அசைய வேண்டும், நான் காலை ஆட்டுகிறேன் என்று பக்கத்து லாரி டிரைவர் இரண்டு முறை முறைத்துவிட்டார். ஒரு வரி எழுதுவதும் எழுந்து போய்க் கண்ணாடியில் எட்டிப் பார்ப்பதும் வந்து உட்காருவதுமாக இருக்கிறேன், அதனால் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். மிளகு என்று நீ வைத்த பெயர் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது, டாக்டர்கூட "மிளகு, இன்னிக்குக் காரம் எப்படி" என்றுதான் கேட்கிறார். எட்டு வயதுக்கு அவள் எடை போதவில்லை. சிறுநீரகம் செய்யாத வேலையைச் செய்துவந்த வயிற்றுக் குழாயை எடுத்த நாளிலிருந்து கழுத்தில் குழாய் வைத்து மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள், வாரத்தில் மூன்று நாள், பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அந்த மூன்று நாளும் பள்ளிக்கூடம் இல்லை, மறுநாள் தலைவலி, ஆக வாரத்தில் ஒரு நாள்தான் வகுப்பில் உட்காருகிறாள். வயிற்றுக் குழாய் இருந்தபோது வேண்டிய அளவு தண்ணீர் குடித்தாள், இப்போது ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில்தான், அதை மூடியில் ஊற்றி ஊற்றி நக்கிக் குடிக்கிறாள், பார்க்க மனசு கேட்கவில்லை. போன வாரம் பஸ்ஸில் என் மடியில் படுத்துக்கொண்டு, "கழுத்துக் குழாய்னா அது கூப்பிடற இடத்துக்கு நான் போகணும்ப்பா, வயித்துக் குழாய்னா நான் போற இடத்துக்கு அது வரும்" என்றாள். டாக்டர் நூறு வார்த்தையில் எங்களுக்கு விளக்கியதை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். வயிறு நன்றாக ஆறிவிட்டது, வருகிற செவ்வாய்க்கிழமை புதுக் குழாய் வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாற்றுச் சிறுநீரகத்துக்கு நம் மூன்று பேர் இரத்தமும் ஒத்துவராததால் பட்டியலில் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறோம், அந்த முறை வரும்வரை குழந்தைக்கு இந்த வயிற்றுக் குழாய்தான் வாழ்க்கை.

வீட்டுச் சமாச்சாரம் கொஞ்சம் சொல்கிறேன். உன் அத்தை போன வாரம் வந்து மூன்று நாள் தங்கினாள், மூன்று நாளும் மிளகுக்கு எது நல்லது எது கெட்டது என்று வகுப்பு எடுத்தாள், கடைசியில் அம்மா மாடியைத் துடைக்கச் சொன்னதும் மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். மாடியில் இருந்த உன் அறைதான் இப்போது மிளகின் அறை. உன் வரைபலகையைத் துணி சுற்றி எங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், ஒரு கீறல் இல்லை. சுவருக்கு வெள்ளையடித்தாயிற்று, ஜன்னலுக்கு வலை போட்டாயிற்று, கைகழுவ உள்ளேயே ஒரு தொட்டி வைத்தாயிற்று, குழாயைக் கையால் தொடாமல் முழங்கையால் திறக்கலாம், மிளகு அதைத் திறந்து திறந்து மூடி விளையாடி நேற்று தரையெல்லாம் வெள்ளம். பேக்கரிக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவைக் கொத்தனாரைக் கூப்பிட்டுச் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். இப்போது நான் வேலைக்குப் போகத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், தெருக்காரர்கள் என்ன அண்ணே வீட்டைவிட்டுத் துரத்திட்டாங்களா என்று கேட்கிறார்கள், ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு. வரைபடத்தைக் குனிந்தே பார்த்துக்கொண்டிருக்காதே, உன் கழுத்து என் கழுத்து மாதிரிதான், பிடித்துக்கொண்டால் விடாது. இருமலுக்கு டாக்டரைப் பார், கடையில் மருந்து வாங்கிக் குடித்து ஏமாற்றாதே.

சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குத் தெரியும். இப்போதுகூட எழுந்து ஒரு முறை கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன், அவள் விழித்துக்கொண்டு கூரையில் இருக்கும் மின்விசிறி இறக்கைகளை எண்ணுகிறாள். சரி, சொல்லிவிடுகிறேன். நாற்பத்தியொரு நாளைக்கு முன்னால், மிளகின் வயிற்றிலிருந்து வடிந்த தண்ணீர் கலங்கலாக வந்து, காய்ச்சலில் அவளைத் தூக்கிக்கொண்டு இங்கே ஓடிவந்து சேர்த்த அன்று, நீ போனில் கேட்டாய், எப்படிப்பா ஆச்சு என்று. நான் என்ன சொன்னேன் என்பதை மறுபடி எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதியே ஆகவேண்டும். "நீ இருந்தவரைக்கும் ஒண்ணும் ஆகல, நீ போனதாலதானே இப்படி ஆச்சு, உனக்கு உன் வேலைதானே பெருசு" என்றேன். நான்தான் முதலில் போனை வைத்தேன். இரண்டு வருஷம் இவளுக்காகவே அந்தப் பாலம் கட்டும் அலுவலகத்து வேலையைத் தள்ளித் தள்ளிப் போட்டு, ஒரு நாளைக்கு நான்கு தடவை, பழைய தண்ணீரை வடித்து, புது மருந்துத் தண்ணீர்ப் பையை மாட்டி, வயிற்றை நிரப்பி, மூடியைப் போட்டு, ஒரு தடவைகூடத் தொற்று வராமல் பார்த்துக்கொண்டவள் நீ. அந்த உன்னிடம் அப்படிச் சொன்னேன். பயத்தில் சொன்னேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், பயந்துதான் போயிருந்தேன், ஆனால் அதற்காக அது சொல்லத்தக்க வார்த்தை ஆகிவிடாது.

நீ போன பிறகு காலையும் இரவும் அம்மா, மத்தியானமும் சாயங்காலமும் நான் என்று பிரித்துக்கொண்டோம். பையைச் சூடாக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த மின்சாரப் பட்டையில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மத்தியானம் பார்த்து மின்சாரம் போகும். ஒருநாள் பாதிச் சூட்டில் இருந்த பையை மாட்டிவிட்டேன், குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள், குளிருதுப்பா குளிருதுப்பா என்று அவள் பல் அடித்தது இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்குத்தான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. மாவு பொங்க வைக்கிற சின்ன அறை இருக்கிறதே, அடுப்புக்குப் பின்னால், அதில் மாட்டியிருக்கும் வெப்பமானி எப்போதும் முப்பத்தாறு முப்பத்தேழு காட்டும். மனுஷ உடம்பின் சூடும் அதுதான். மின்சாரம் போனாலும் அடுப்புச் சூட்டில் அந்த அறை ஆறாது. பையை ட்ரேயில் வைத்து, மாவு உருண்டைகளுக்கு மேல் தட்டில் தள்ளிவிட்டேன். வெளியுறையோடு வைத்தால் சூடு ஏற நேரமாகிறது என்று உறையைக் கிழித்துவிட்டு வைத்தேன். முக்கால் மணியில் பை பதமாகச் சூடாகிவிடும். மூன்று மாதம் தினமும் இரண்டு பை, அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை, பட்டையில்தான் வைக்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர்களுக்கே தோன்றாதது ரொட்டிக்காரனுக்குத் தோன்றியதே என்று உள்ளுக்குள் எனக்கு ஒரே பெருமை. அந்த அறையின் காற்றில், ட்ரேயில், என் மயிர்க்கால் வரைக்கும் ஈஸ்ட் இருக்கிறது என்பது தொழில் கற்ற முதல் நாளிலிருந்து எனக்குத் தெரியும். ஈரம் கோர்த்த அந்தப் பையைத் துடைத்து அதே கையால் மகளின் வயிற்றுக் குழாயில் மாட்டினேன். இரண்டும் எனக்குத் தெரிந்த விஷயம்தான், இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை.

உன்னோடு பேசி ஐந்தாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. சாதாரணக் கிருமி என்றால் மருந்தில் போயிருக்கும், இது பூஞ்சை வகை, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டேதான், குழாயை உடனே எடுத்தாக வேண்டும், வைத்துக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். வீட்டில் யாராவது ஈஸ்ட் கையாளுகிறீர்களா என்று கேட்டார். நான் பேக்கரி வைத்திருக்கிறேன் என்றேன், அம்மா உடனே "இவர் குளிச்சிட்டுத்தான் மாடிக்கே வருவாரு டாக்டர்" என்று எனக்காகப் பரிந்து பேசினாள். அந்த நிமிஷம் அந்த அறையைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அறுவை சிகிச்சை அறைக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்து ரெண்டு நிமிஷத்துல வந்துடுவேன்ப்பா என்று கையாட்டினாள், அப்போதும் சொல்லவில்லை. நீ அந்தப் பக்கம் உன்னால்தான் என்று உருகிக்கொண்டிருக்கிறாய் என்று அம்மா சொன்னாள், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மூன்று வாரம் அப்படித்தான் திரிந்தேன், மாவில் உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் ஒருநாள் ஊருக்கே உப்பில்லாத ரொட்டி விற்றேன்.

இங்கே புதிதாக ஒரு நர்ஸ் வந்திருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும், எந்நேரமும் கையில் ஒரு பட்டியலோடு திரிவாள், ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போடுவாள், அதனால் நான் அவளுக்கு டிக் நர்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறேன், அவளுக்கும் அது தெரியும். குழந்தைகளுக்கு வயிற்றில் தொற்று வருவதைக் குறைக்க வேண்டும் என்று அவள் ஒரு புது முறை ஆரம்பித்திருக்கிறாள். வீட்டில் வயிற்றுச் சிகிச்சை செய்யும் பெற்றோர்களை எல்லாம் கூப்பிட்டு, முதல் நாள் சொல்லிக் கொடுத்தோம் முடிந்தது என்று விடாமல், ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்துகாட்டச் சொல்லி, கூடவே நின்று பார்க்கிறாள். தொற்று வந்தால் யார் தப்பு என்று கேட்காமல் எந்தப் படியில் கிருமி நுழைந்தது என்று தேடுகிறாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் அப்படி ஒரு கூட்டம், ஒன்பது குடும்பம். அம்மா மிளகுக்காகக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே காத்திருந்தாள், நான் மட்டும் போனேன். டிக் நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்து, பையை எதில் சூடாக்கறீங்க என்று கேட்டாள். பட்டையில், பட்டையில் என்று வரிசையாக எட்டுப் பேரும் சொன்னார்கள், பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி. என் முறை வந்தது. பட்டையில் என்று சொல்ல வாயெடுத்தவன் எழுந்து நின்றுவிட்டேன், ஏன் நின்றேன் என்று தெரியாது. மாவு பொங்கும் அறையில் என்றேன். ஆரம்பித்ததும் எல்லாமே கொட்டிவிட்டது, உறையைக் கிழித்தது, பெருமைப்பட்டது, டாக்டரிடம் மறைத்தது எல்லாம். என்னைத் திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் இந்த லாரி டிரைவர், இப்போது என்னை முறைக்கிறாரே இவர்தான், மெதுவாகக் கையைத் தூக்கி, மின்சாரம் இல்லாவிட்டால் வண்டி எஞ்சின் மேல் வைத்துச் சூடாக்குவேன் என்றார். ஒரு டீச்சரம்மா வெந்நீரில் முக்குவேன் என்றார். தையல்கார அம்மா ஒருத்தி பழைய துணியை இஸ்திரி போட்டு அதில் சுற்றி வைப்பாளாம். இன்னொருத்தர் பையைப் போர்வைக்குள் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்துவிடுவாராம், அவர் சொன்னபோது எல்லோரும் சிரித்துவிட்டோம், சிரிப்போடு சிரிப்பாக அவர் மனைவி அழுதுவிட்டாள். பட்டையில் என்று சொன்ன எட்டுப் பேரில் நான்கு பேர் பட்டையில் வைக்கவில்லை. டிக் நர்ஸ் பட்டியலை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு எங்களோடு உட்கார்ந்தாள். இவ்வளவு நாளாக மின்சாரம் இருக்குமா என்று கேட்காமலே பட்டையைக் கொடுத்து அனுப்பினோமே என்று அவள்தான் வருத்தப்பட்டாள். இப்போது பட்டியலில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறாள். மின்சாரம் இருக்கும்போதே உறையோடு பட்டையில் சூடாக்கி, மூன்று நான்கு மணி நேரம் சூடு தாங்குகிற கனமான பெட்டியில் மூடி வைத்துக்கொள்ளலாம் என்று சோதித்துப் பார்த்து, வீட்டுக்கு ஒரு பெட்டி கொடுத்திருக்கிறாள். ரொட்டி எடுத்துப் போகிற பெட்டி என்னிடம் நிறைய இருக்கிறது, தரட்டுமா என்று கேட்டேன். "அப்பா, உங்க பேக்கரியிலிருந்து ஒரு துரும்புகூட வேண்டாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அன்றைக்கு பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும், "எட்டுக் குடும்பத்துக்குச் சொல்லியாச்சு, எனக்கும் சொல்லியாச்சு, அவளுக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். போனில் சொல்கிறேன் என்றேன். அவள் உங்கள் போனை எடுத்தால்தானே என்றாள். அம்மா இதுவரை உனக்குச் சொல்லாமல் இருப்பதும் என்னால்தான், நான்தான் என் வாயால் சொல்கிறேன், பொறு என்று அவளைக் கட்டிப்போட்டிருக்கிறேன். எழுத உட்கார இத்தனை நாள் ஆனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புதுக் குழாய் வைக்க வேண்டும் என்றால் வீட்டில் இரண்டு பேர் செய்துகாட்டித் தேற வேண்டும், ஒருவர் சோர்ந்தால் இன்னொருவர் என்று இது டிக் நர்ஸின் புது ஏற்பாடு. அம்மா முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். நான் இரண்டு முறை தோற்றுவிட்டேன். இவர் தேறமாட்டார், அவள் வந்தால்தான் ஆகும், அவளே வருகிறேன் என்கிறாள் என்று அம்மா உன்னைத்தான் இரண்டாவது ஆளாக எழுதிக் கொடுக்க நினைக்கிறாள். அவளைக் குற்றம் சொல்லாதே, செவ்வாய்க்கிழமை தள்ளிப்போய்விடுமோ என்று பயப்படுகிறாள்.

எதில் தோற்றேன் தெரியுமா, கேட்டால் சிரிப்பாய். கதவை மூடி, மின்விசிறியை நிறுத்தி, முகமூடி கட்டி, கடிகாரம் பார்த்து முழங்கை வரை கழுவி எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். கழுவி முடித்ததும் என் இரண்டு கையும் தானாகப் போய் இடுப்பில் ஒரு துடை துடைத்துக்கொள்கிறது. முப்பது வருஷமாக மாவுக் கையை இடுப்புத் துணியில் துடைத்த பழக்கம். முதல் தடவை தலையில் அடித்துக்கொண்டேன், அடித்துக்கொண்ட கையையும் மறுபடி கழுவச் சொன்னாள். இரண்டாம் தடவை நான் துடைக்கவே இல்லை என்று சண்டை போட்டேன், அவள் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினாள். பார்த்தேன். திருடன் மாதிரி போகிறது கை, என் முகத்துக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதிலிருந்து வீட்டில் சட்டையில்லாமல், இடுப்பில் துணி இல்லாமல், கால்சட்டையோடு கழுவிப் பார்க்கிறேன், வெறும் வயிற்றில் துடைத்துக்கொள்கிறேன். மிளகு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கை போகும்போதெல்லாம் "அப்பா இடுப்பு" என்று கத்துகிறாள். மூன்றாவது முறை இன்றைக்கு, இரண்டு மணிக்கு. இப்போது ஒன்றே முக்கால். லாரி டிரைவர் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார். கூப்பிடுகிறார்கள், வந்து மீதியை எழுதுகிறேன்.

மணி மூன்று ஆகப் போகிறது. டிக் நர்ஸ், செய்துகாட்டுவதற்காகத் துணியில் தைத்த ஒரு பொய் வயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாள், அதில் ஒரு குழாய் தொங்கிக்கொண்டிருந்தது, ஓரத்தில் டாக்டரும் நின்றார். ஒன்றும் ஞாபகம் இல்லாத மாதிரி இருந்தது, ஆனால் கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கழுவி முடித்துக் காகிதத் துண்டில் துடைத்தேன், நல்லபடியாகப் போகிறது என்று நினைத்த நிமிஷம் வலது கை இடுப்புக்குக் கிளம்பிவிட்டது. பாதி வழியில் பார்த்தேன். துணியைத் தொட்டேனா தொடவில்லையா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை, நுனி விரல் பட்டது போலவும் இருந்தது, படாதது போலவும் இருந்தது. டிக் நர்ஸ் நின்ற இடத்திலிருந்து அது தெரிந்திருக்காது. படவில்லை என்று வைத்துக்கொண்டு மேலே போயிருக்கலாம். திரும்பித் தொட்டிக்குப் போய், முதலிலிருந்து, முழங்கையிலிருந்து மறுபடி கழுவினேன். ஏன் என்று அவள் கேட்டாள். தெரியவில்லை, அதனால் கழுவுகிறேன் என்றேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பார்க்கட்டும் என்று முழு நேரமும் கழுவினேன். பிறகு மாட்டினேன், வடித்தேன், நிரப்பினேன், மூடினேன். அவள் பட்டியலில் வரிசையாக டிக் போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் தலையைத் தூக்காமல், "தேறிட்டீங்கப்பா, அடுத்தவங்களை வரச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமாகத்தான் இருந்தது, டிரைவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

ஆகவே கேள் அம்மாடி. இரண்டாவது ஆள் இடம் நிரம்பிவிட்டது. செவ்வாய்க்கிழமை புதுக் குழாய் வைப்பார்கள், வயிறு ஆறியதும் வீட்டில் நானும் அம்மாவும் செய்வோம், முதல் வாரம் டிக் நர்ஸ் வீட்டுக்கே வந்து கூட நிற்பாள். மறுபடி தொற்று வராது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது, யாராலும் முடியாது, வந்தால் நீ காரணமாக இருக்க மாட்டாய் என்று மட்டும் இப்போதே சொல்கிறேன். திங்கட்கிழமை வழக்கம் போல வேலைக்குப் போ. எங்களைப் பார்க்க ஆசையாக இருந்தால் விடுமுறை கிடைக்கும்போது வா, பத்து நாள் இரு, மிளகோடு சண்டை போடு, திரும்பிப் போ. குற்ற உணர்ச்சியோடு மட்டும் வராதே, வாசலில் நிற்க எனக்கு முகம் இருக்காது. என்னோடு உடனே பேசு என்று கேட்கவில்லை, பேசத் தோன்றும்போது பேசு, நாற்பத்தியொரு நாள் காத்திருந்தவனுக்கு இன்னும் நாற்பது நாள் பெரிய விஷயமில்லை என்று வீறாப்பாக எழுதலாம், ஆனால் பெரிய விஷயம்தான், தினமும் போனைப் பார்க்கிறேன். நீ கட்டும் பாலம் உறுதியாக நிற்கட்டும், உடம்பு தேறட்டும், மனசு லேசாகட்டும், உனக்கு எல்லா நன்மையும் வரட்டும் என்று அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். இருமலுக்கு டாக்டரைப் பார்க்க மறக்காதே.

கடைசியாக ஒன்று. காகிதம் தபாலில் வந்ததும் கிழித்துப் போடாமல் பத்திரமாக வைத்துக்கொள். என்னை எனக்கு நன்றாகத் தெரியும். குழந்தைக்கு இனியும் ஏதாவது ஒன்று ஆனால் பயத்தில் என் நாக்கு பழைய பேச்சையே பேசும், நீ போனதால்தான் என்று மறுபடி சொன்னாலும் சொல்வேன். அப்போது நீ பதில் பேசாதே, போனை வைக்காதே, இதை எடுத்து எனக்கே படித்துக் காட்டு. உன் தங்கையின் வயிற்றுக்குள் அந்த ஈஸ்ட்டைக் கொண்டுபோய் விட்டது நான். நீ போனது காரணமில்லை.

இப்படிக்கு,
மேலே உள்ளதைத் தன் கையாலேயே எழுதிய
உன் அப்பா